லோபலா, பயட்டா?

குடுபல்லியிலேயே விலை உயர்ந்த கோழிக்கூண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 18 மில்லி எம்.டி.எஃப். பலகை, உள்மூலைகளில் சிலிகான் பூச்சு, வெளியே கறுப்புக் கார்பெட், முன்பக்கம் 12 அங்குலத்தில் வட்டமான வாசல், பக்கத்தில் காற்றுக்கு இன்னொரு சின்ன வட்டம். செவலைக் கோழி ஒன்று அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்து முட்டை வைக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "கோழிக்கு எதுக்கு சார் கார்பெட்?" என்று கேட்கிறார்கள். குளிருக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அது என் வண்டியில் பாட்டுக் கேட்பதற்காக நானே கணக்குப் போட்டுச் செய்யச் சொன்ன சப்வூஃபர் பெட்டி.

நானே கணக்குப் போட்டு என்பதில்தான் மானக்கேடு முழுவதும் இருக்கிறது. நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் என்னை 'லெக்கல சார்' என்பார்கள்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தின் ஓர் ஓரத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் ரயில் பாதையில், குப்பத்துக்கும் பிசானத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் நடந்தால் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் நடந்தால் கர்நாடகம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பங்காருப்பேட்டை சந்தைக்குப் போனால் கன்னடம். மூன்று மொழியிலும் தடங்கலில்லாமல் தப்பாகக் கணக்குப் போட என்னால் முடியும் என்பது இந்த ஒரு வருஷத்தில்தான் தெரிந்தது.

வினை ஆரம்பித்தது மே மாதம், குப்பம் கங்கம்மா ஜாத்திரையில். பம்பைக்காரர்கள் அடித்த அடி காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்தது. பின்னாலேயே ஒரு டிராக்டர், டிரெய்லர் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஊர்ந்தது. கையில் வைத்திருந்த காகிதக் கோப்பையில் டீ வட்டவட்டமாக நடுங்கியது. எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஆசைப்பட எத்தனையோ இருக்க, என் பழைய மாருதி ஆம்னியில் உட்கார்ந்தால் டீ நடுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மச்சினன் பெங்களூருவில் இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜே.சி. ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்கி 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் ஓர் ஆம்பும் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 1500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரயிலில் வரும்போது கண்ணாடி மாட்டிக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஆர்.எம்.எஸ். 300 வாட்ஸ். ஸ்பீக்கர் நாள் முழுக்கத் தாங்குவது அந்த 300தான். 1500 என்பது ஒரு நொடிக்கும் குறைவாக அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவு. கடைக்காரர் ஏமாற்றவில்லை, இரண்டையும் அச்சடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். நான்தான் பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் பணத்தை எண்ணினேன்.

"பெட்டி ரெடிமேடா வாங்கிடலாம் மாமா" என்று மச்சினன் படித்துப் படித்துச் சொன்னான். வாத்தியாருக்கு ரெடிமேடு எதற்கு? ஸ்பீக்கரோடு வந்த தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று எண்கள் வரிசையாக இருந்தன. எண்களைப் பார்த்ததும் எனக்கு வந்த உற்சாகத்தை, சீட்டுக்கட்டைப் பார்த்தவர்களிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் படித்தேன். படித்ததைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே படித்தேன். காலிச் சோடா புட்டியின் வாய்க்குக் குறுக்கே ஊதினால் 'பூம்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் அடிப்படை. புட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். கழுத்தில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு வேகத்தில் ஆட விரும்பும், அதுதான் அந்தப் புட்டியின் சுரம். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ளே குடைவான உருண்டைகளைக் காதில் வைத்துச் சுரங்களைப் பிரித்துக் கேட்ட கதை இருக்கிறது. நம்மூரில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தின் வாயில் மட்டையால் அடித்து எடுப்பதும், கடம் வாசிக்கிறவர் பானை வாயை வயிற்றில் வைத்து அமுக்கித் திறந்து எடுப்பதும் இதே காற்றின் வேலைதான்.

ஸ்பீக்கருக்கு இது எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்சத்தமும் பின்சத்தமும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் பின்சத்தத்தைப் பெட்டியில் போட்டு மூடுகிறார்கள். மூடினால் பாதி உழைப்பு பெட்டிக்குள்ளேயே வீணாகிறது. பெட்டியில் ஒரு குழாய் வைத்து அதைச் சோடா புட்டி ஆக்கிவிட்டால், அந்தக் குறிப்பிட்ட சுரத்தின் பக்கத்தில் பின்சத்தம் திரும்பிக்கொண்டு குழாய் வழியாக வெளியே வந்து முன்சத்தத்தோடு கைகோத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930இல் விண்ணப்பித்து 1932இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி, எவ்வளவு குழாய் என்று குத்துமதிப்பில்லாமல் கணக்குப் போட வழி செய்தவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1961இல் எழுதிய ஒரு கட்டுரையில். பத்து வருஷம் அந்தக் கட்டுரையை வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970களில் அதை விரித்து எழுதினார். என் தாளில் இருந்த எண்களுக்கு இந்த இருவரின் பெயர்தான். பெரிய சத்தத்துக்கு வழி சொன்னவர் பெயர் ஸ்மால் என்பதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். நான் மட்டும் சிரித்தேன்.

சூத்திரத்தை நான் உடம்பாகப் புரிந்துகொண்டேன். வயிறு பெருத்தால் சுரம் இறங்கும். கழுத்து நீண்டால் இறங்கும். வாய் குறுகினாலும் இறங்கும். எனக்கு 33 ஹெர்ட்ஸ் வேண்டும். ஆம்னியின் பின்புறத்தை டேப் வைத்து அளந்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், 40 உயரம், 35 ஆழம். பெருக்கினால் 84,000 கன சென்டிமீட்டர், அதாவது 84 லிட்டர். 4 அங்குலக் குழாய் போட்டால் 20 சென்டிமீட்டர் நீளம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன்.

ஆசாரி அடி, அங்குலம், நூல் என்று பழகியவர். எட்டு நூல் ஓர் அங்குலம். என் சென்டிமீட்டர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், ஈ கொலத்தலு லோபலா, பயட்டா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் கேட்டார். "இந்த அளவு உள்ளளவா, வெளியளவா?"

இந்தக் கதையில் வருகிற மொத்தப் பேரும் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். நான் சொன்ன பதில் இது: "அளவுன்னா அளவுதான்ணா. எழுதியிருக்கிறபடியே செய்ங்க."

"சரிங்க சார்."

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. மரம் மட்டுமே பதினைந்து கிலோவுக்கு மேல். நானும் ஆசாரியின் பையனும் தூக்கித் திண்ணையில் வைத்தோம். அழகாக இருந்தது. ஸ்பீக்கரை எடுத்து ஓட்டையில் வைத்தேன். கூடைக்குள் தேங்காய் போவதுபோல் உள்ளே போகப் பார்த்தது. 12 அங்குல ஸ்பீக்கர் என்பதால் 12 அங்குல ஓட்டை போடச் சொல்லியிருந்தேன். 12 அங்குலம் என்பது ஸ்பீக்கரின் மேல்விளிம்பைச் சுமாராகச் சொல்லும் அளவு. ஓட்டை 11 அங்குலம்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் விளிம்பு மரத்தில் உட்காரும், திருகாணிக்கு மரம் கிடைக்கும். எனக்குத் திருகாணி இறங்கும் இடத்தில் எல்லாம் காற்றுதான் இருந்தது. இந்த எண்ணும் ஸ்பீக்கரோடு வந்த தாளில், படத்தோடு, போட்டிருந்தது. நான் படம் பார்க்கிற ஆளா?

ஆசாரி ஒன்றும் சொல்லாமல் மிச்சப் பலகையில் ஒரு வளையம் வெட்டி உள்ளே ஒட்டிக் கொடுத்தார். அடுத்தது குழாய். 4 அங்குல பி.வி.சி. பைப்புக்கு 4 அங்குல ஓட்டை போட்டாகிவிட்டது. பைப் உள்ளே போகவில்லை. நம்மூரில் 4 அங்குலம் என்று விற்கிற பைப்பின் வெளிவிட்டம் 110 மில்லி. 4 அங்குலம் என்றால் நூற்றொன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல். வீடு கட்டுகிறபோது இதே பைப்பை எத்தனை தடவை கையில் பிடித்திருக்கிறேன்! மறுபடியும் ஆசாரி முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. ஹார்ட்வேர் கடையில் 75 மில்லி பைப், அதாவது 3 அங்குலம், வாங்கினேன். அதே 20 சென்டிமீட்டருக்கு அறுத்தேன். ஓட்டையில் செருகி, சுற்றிலும் இருந்த இடைவெளியில் பட்டி வைத்துப் பூசினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது பாத்ரூம் பைப்தானேப்பா?" என்று கேட்டாள். கோபம் வந்தது.

முதல் ஓட்டம், அம்மாவை மாரிக்குப்பம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில். அம்மா பிறந்தது கோலார் தங்கவயல். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரம் உருளும் என்று கதை சொல்லி வளர்த்தவள். அவள் எதிரில்தான் முதலில் காட்ட வேண்டும் என்று இருந்தேன். பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் பின்னாலிருந்து 'புஸ்... புஸ்...' என்று வந்தது.

"டேய், பஞ்சர் ஆயிடுச்சு. வண்டிய நிறுத்து."

நானும் நிறுத்தினேன். இறங்கி நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தேன். எல்லாம் கல்லுப்போல இருந்தன. ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டதும் திரும்பவும் பஞ்சர். குறுகின வாய் வழியாக அவ்வளவு காற்று முன்னும் பின்னும் பாய்ந்தால் சீறத்தான் செய்யும். குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள் இருக்கட்டும் என்று நான் படித்ததிலேயே இருந்தது. அந்த வரிக்கு அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அரத்தை எடுத்து இரண்டு மணிநேரம் ஓட்டையை ராவி, 4 அங்குலக் குழாயை இறக்கினேன். சீறல் போனது. அதோடு பாட்டும் போனது. எந்தப் பாட்டைப் போட்டாலும் தாழ்ந்த பக்கம் ஒரே சுரம்தான் வந்தது, 'தொம்'. டப்பாங்குத்துக்கும் தொம், சுப்ரபாதத்துக்கும் தொம். கிராமத்தில் ஒரு சிலர் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று ஒரே பதில் சொல்வார்களே, அதுபோல.

எங்கே தப்பு என்று பார்க்க, போனில் ஒவ்வொரு ஹெர்ட்ஸாகச் சத்தம் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, டார்ச் அடித்து ஸ்பீக்கர் கூம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 60இல் ஆடியது. 50இல் நன்றாக ஆடியது. 40இல் ஏறக்குறைய நின்றுவிட்டது. வயர் லூஸ் என்று முடிவு செய்து, வயரை ஆட்டிப் பார்த்து, ஒன்றும் ஆகாததால் வால்யூமை ஏற்றினேன். கூம்பு அசையவில்லை, ஆனால் ஷெல்ஃபில் இருந்த சில்வர் டம்ளர் நடந்து வந்து கீழே விழுந்தது. டியூன் செய்த பெட்டியின் அதிசயமே அதுதான். தன் சொந்தச் சுரத்தில் கூம்பு சும்மா இருக்கும், குழாய்க் காற்று எல்லா வேலையையும் செய்யும். கூம்பு எங்கே நிற்கிறதோ அதுதான் பெட்டியின் சுரம் என்று கண்டுபிடிக்கும் வழியும் அதுவே. நான் அதைத் தெரிந்து செய்யவில்லை, ரிப்பேர் என்று நினைத்துச் செய்தேன். விடை மட்டும் கிடைத்துவிட்டது. 33 என்று போட்ட பெட்டி 40இல் உட்கார்ந்திருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். எவ்வளவு கீழே போகிறது என்று பார்க்க 20 ஹெர்ட்ஸ் வைத்தேன். பெட்டியின் சுரத்துக்குக் கீழே போனால் உள்ளே காற்றின் பிடி விட்டுவிடும், கூம்பு கயிறு அறுந்த ஊஞ்சல்போல ஆடும். அதைத் தடுக்கத்தான் ஆம்பில் சப்சானிக் என்று ஒரு குமிழ் இருக்கிறது. அது எதற்கு என்று தெரியாததால் அணைத்து வைத்திருந்தேன். 'டக் டக் டக்' என்று இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பாய்ந்து நிறுத்தினேன். ஸ்பீக்கர் பிழைத்தது. அதற்கு நான் காரணமில்லை.

மின்சாரத்தில் பட்ட அவமானத்தை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சின மெல்லிய வயரைப் பேட்டரியிலிருந்து ஆம்புக்கு இழுத்தேன். இரவில் ஒவ்வொரு தொம்முக்கும் ஹெட்லைட் மங்கி எரிந்தது. எதிரில் வந்த லாரிக்காரர் தனக்குத்தான் டிம் அடிக்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்கு டிம் அடித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஜாத்திரை வந்தது. போன வருஷம் டீ நடுங்கின அதே தெரு முனையில் வண்டியை ஓரம் கட்டினேன். சின்ன வண்டிக்குள் கண்ணாடிகளை மூடிக்கொண்டால் தாழ்ந்த சுரங்களுக்கு வண்டியே துணை செய்யும். அடைத்த சின்ன அறையில் காற்று முழுவதும் ஒரேயடியாக அமுங்கி விரிவதால் வரும் லாபம் அது. ஆம்னியில் ஏ.சி. கிடையாது. இன்ஜினோ முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. மே மாதம், எல்லாக் கண்ணாடியும் மூடி, அடுப்பின் மேல் உட்கார்ந்து, வேர்வை சொட்டச் சொட்ட நான் பேஸ் கேட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளே அப்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜாத்திரைக்கு வந்த சனம் வெளியே அல்லவா இருக்கிறது? நான் ரசிப்பதை யார் பார்ப்பது? இறங்கிப்போய்ப் பின்கதவை மேலே தூக்கித் திறந்தேன்.

திறந்ததும் நெஞ்சடி போன இடம் தெரியவில்லை. அடைத்த அறையின் லாபம் கதவு வழியாக வெளியேறிவிட்டது. தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, என் நம்பர் பிளேட். 'கடகடகட' என்று ஒவ்வொரு அடிக்கும் தகரம் ஆடியது. இரண்டு பையன்கள் நின்று கவனமாகப் பார்த்தார்கள். இரண்டு பேரும் என் வகுப்பு. "சார், நட்டு லூஸ்" என்றான் ஒருவன். அந்த நேரம் பார்த்துப் பம்பைக்காரர்கள் தெரு முனை திரும்பினார்கள். பேட்டரி இல்லை, 1500 இல்லை, 300கூட இல்லை. ஒரு தோல், ஒரு குச்சி, உள்ளே வெறும் காற்று. அடித்த அடியில் என் கண்ணாடி சிலிர்த்தது.

சற்று நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வந்து, பத்து மணி ஆகப் போகிறது சார் என்றார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில், திறந்தவெளியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று இருக்கிறது. இரவில் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. நான் தலையாட்டிவிட்டு அணைத்தேன். "என்ன சார் சத்தம் அது, சைலன்சர் ஒடஞ்சிருச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்து, கன அளவுப் பாடம் வந்தது. வருஷா வருஷம் நடத்துகிற கணக்கு. மூடிய மரப்பெட்டி ஒன்றின் வெளியளவுகள் கொடுக்கப்பட்டிருக்கும், மரத்தின் தடிமன் கொடுக்கப்பட்டிருக்கும், உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் பெட்டி வரைந்து, "தடிமனை ஒரு தடவை கழிக்காதீங்க, ரெண்டு பக்கமும் மரம் இருக்குது, ரெண்டு தடவை கழிக்கணும். இதுலதான் எல்லாரும் மார்க்கை விடுறீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தோரு வருஷமாகச் சொல்கிற வரி. சொல்லி முடித்ததும் சாக்பீஸ் பிடித்த கை மேலேயே நின்றது. ஆசாரியின் குரல் காதில் கேட்டது. லோபலா, பயட்டா?

பிள்ளைகளை நோட்டில் போடச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டின் பின்அட்டையில் போட்டுப் பார்த்தேன். 18 மில்லி, இரண்டு பக்கம், 3.6 சென்டிமீட்டர். 56.4, 36.4, 31.4. பெருக்கினால் 64.5 லிட்டர். 84இல் கிட்டத்தட்ட 20 லிட்டர் காணோம். ஒரு முழுத் தண்ணீர் கேன் அளவு காற்றை மரம் தின்றிருக்கிறது. அதிலும் ஸ்பீக்கரின் பின்பாகம், குழாய், உள்சட்டம் எல்லாம் உட்கார்ந்த இடத்தைக் கழித்தால் 58தான் மிச்சம். வயிறு சுருங்கினால் சுரம் ஏறும். 40 ஏன் என்று இப்போது தெரிந்தது. இருந்த ஆத்திரத்தில் அந்த 3 அங்குலக் குழாய்க்கும் போட்டுப் பார்த்தேன். 28 வந்தது. நான் 33 கேட்டேன், ஒரு குழாய் 28க்கு இறங்கியது, இன்னொன்று 40க்கு ஏறியது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன்.

தப்பு தெரிந்த பிறகு திருத்த வேண்டியதுதானே. நேரே ஆசாரியிடம் போனேன். பெட்டியே தப்பு, புதுசாக ஒன்று வேண்டும் என்றேன்.

"பெட்டி நல்லாத்தானே சார் இருக்குது?"

"உள்ள காத்து பத்தலண்ணா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பட்டறை மூலைக்குப் போய்ச் சாக்குத் துணியை விலக்கினார். எட்டுக்கு நாலு ஷீட்டில் என் பெட்டிக்குப் போக மிஞ்சிய பாதி அப்படியே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "நீங்க மறுபடி வருவீங்கன்னு எடுத்து வெச்சேன் சார்" என்றார். தாளை வாங்கிக்கொண்டு, பென்சிலை எடுத்து, பழைய கேள்வியையே கேட்டார். இந்தத் தடவை "லோபல" என்று சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த முறை எல்லாவற்றையும் கூட்டினேன். காற்றுக்கு 55 லிட்டர், ஸ்பீக்கருக்கு இரண்டரை, குழாய்க்கு மூன்று, சட்டத்துக்கு ஒன்றரை. வண்டியில் இருக்கிற இடம் அவ்வளவுதான் என்பதால் அதற்கு மேல் பெரிதாக்க முடியவில்லை. உள்ளளவு 56, 36, 31. 33ஐ விட்டுக்கொடுத்து 35 ஹெர்ட்ஸ் போதும் என்று இறங்கி வந்தேன். குழாய் 30 சென்டிமீட்டர். ஆழத்தில் நேராக நிற்காததால் ஓர் எல்போ வைத்து மடக்கினேன். ஸ்பீக்கர் ஓட்டை 11, பைப் ஓட்டை 110 மில்லி. எல்லாம் பொருந்தியது. வண்டியில் வைத்துப் போட்டதும் பாட்டு பாட்டாகவே வந்தது. தவில் தவிலாக, பேஸ் கிடார் படி இறங்கி ஏறுவது படிபடியாகக் கேட்டது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பாறை வெடிச்ச மாதிரி இல்ல. ஆனா பரவால்ல, பஞ்சர் ஆகல" என்றாள். எனக்கு வந்த ஒரே நற்சான்று அது.

அன்று சாயங்காலம் கார்பெட் ஒட்டுவதற்காகப் புதுப் பெட்டியைத் திண்ணையில் இறக்கிப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரி காபியோடு வந்தவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். டேப் எடுத்து வைத்துப் பார்த்தேன். பழையது வெளியே 60, 40, 35. புதியது 59.6, 39.6, 34.6.

"நாலு மில்லிமீட்டர்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் காபியை வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டு அதை மறந்திருப்பேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ப் பழைய பெட்டிக்கே கணக்குப் போட்டேன். புதிய பெட்டியைவிட அதில் காற்று கொஞ்சம் கூடவே இருக்கிறது. குழாய் மட்டும் 20க்குப் பதில் 33, 34 சென்டிமீட்டர் இருந்திருந்தால் நான் முதல் நாள் கேட்ட அதே 33 ஹெர்ட்ஸ் அச்சாக வந்திருக்கும். வயிறு சிறுத்தால் கழுத்தை நீட்டினால் போதும் என்று நானேதான் படித்து, நானேதான் வீட்டில் விளக்கி, நானேதான் மறந்திருக்கிறேன். தேவைப்பட்டது ஒரு சாண் குழாயும் ஓர் எல்போவும். இரண்டாவது பெட்டியே வேண்டியிருக்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

பழைய பெட்டியிலிருந்து ஸ்பீக்கரையும் வளையத்தையும் குழாயையும் முன்பே கழற்றியிருந்தேன். இரண்டு வாரம் அது திண்ணையில் சும்மா கிடந்தது. செவலைக் கோழி சுற்றிச் சுற்றி வந்து, கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. வெளியளவை அது பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் ஆசாரி ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தார். கோழிக்கூண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்து விரலை மடக்கிப் பலகையைத் தட்டிப் பார்த்தார். மூலை இணைப்பைத் தடவினார். ஒரு மழைக்காலம் தாங்கியிருந்தது, கீழ் ஓரம் மட்டும் லேசாக ஊதியிருந்தது.

"பெட்டியில தப்பே இல்ல சார்" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன். உள்ளே கையை விட்டு, சூடாக இருந்த இரண்டு முட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.